கிளாஸின் மேல் ஒட்டும் சீட்டு: சி ஷார்ப்பில் சொந்த அட்ரிபியூட் எழுதுவது

சி ஷார்ப் நிரலில் ஒரு ப்ராப்பர்ட்டியின் (கிளாஸின் ஒரு மதிப்பைத் தரும் உறுப்பு) தலைக்கு மேல் சதுர அடைப்புக்குள் [மாஸ்க்(4)] என்று ஓர் அட்ரிபியூட்டை எழுதுகிறீர்கள். அந்த ப்ராப்பர்ட்டிக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதன் மதிப்பு மறையாது, வேகம் மாறாது, நிரல் ஓடும்போது அப்படி ஒரு வரி இருப்பதே யாருக்கும் தெரியாது. எங்கிருந்தோ ஒரு நிரல்துண்டு வந்து "உன்மேல் ஏதாவது சீட்டு ஒட்டியிருக்கிறதா?" என்று கேட்கும்வரை அது சும்மா கிடக்கும். கஸ்டம் அட்ரிபியூட், அதாவது நாமே எழுதும் அட்ரிபியூட், பற்றி வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருபவை. அட்ரிபியூட் என்பது தகவல். வேலையைச் செய்வது அதைப் படிக்கும் நிரல்.

பைத்தானிலிருந்து வருபவர்களுக்கு இது இன்னும் அதிகமாக இடறும். 2004-இல் பைத்தான் 2.4-உடன் வந்த டெகரேட்டரும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஃபங்ஷனுக்கு மேல் ஒரு வரி. ஆனால் அது உண்மையிலேயே ஓடுகிற ஒரு ஃபங்ஷன், கீழே இருக்கும் ஃபங்ஷனை வாங்கி வேறொன்றாக மாற்றித் தரவும் வல்லது. சி ஷார்ப்பின் அட்ரிபியூட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது. அதே 2004-இல் வந்த ஜாவா 5-இன் அனோட்டேஷனும், 2020-இல் வந்த பிஎச்பி 8-இன் அட்ரிபியூட்டும்தான் இதற்கு உறவு.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு போகலாம். வாடிக்கையாளர் விவரங்கள் உள்ள ஒரு கிளாஸ்: பெயர், தொலைபேசி எண், கணக்கு எண். இந்த ஆப்ஜெக்டை லாக்கில் (நிரல் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் பதிவு) எழுத வேண்டும், ஆனால் எண்களில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரிய வேண்டும். எந்த ப்ராப்பர்ட்டியை மறைக்க வேண்டும், எத்தனை எழுத்தை விட்டுவைக்க வேண்டும் என்பதை ஒரு அட்ரிபியூட் சொல்லும். மறைக்கும் வேலையை லாக் எழுதும் நிரல் செய்யும்.

சீட்டு எங்கே ஒட்டப்படுகிறது

கம்பைலர் [மாஸ்க்(4)] என்ற வரியைப் பார்த்ததும் மாஸ்க் கிளாஸின் ஆப்ஜெக்ட் எதையும் உருவாக்குவதில்லை. கம்பைல் செய்து கிடைக்கும் கோப்புக்கு (டிஎல்எல் போன்றது) அசெம்ப்ளி என்று பெயர். அதில் நிரலைப் பற்றிய விவரங்கள் அடங்கிய மெட்டாடேட்டாவில் கஸ்டம் அட்ரிபியூட்டுகளுக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் ஒரு வரிசை சேர்கிறது. எதன்மேல் ஒட்டியது, எந்தக் கன்ஸ்ட்ரக்டர், அதற்குத் தந்த மதிப்புகள் என மூன்று பத்திகள்தான் அந்த வரிசையில். மதிப்புகள் ஒரு பைட் தொகுதியாகச் சுருட்டி வைக்கப்படும். அந்தத் தொகுதி 01 00 என்ற இரண்டு பைட்டுகளோடு தொடங்கும், பின்னால் கன்ஸ்ட்ரக்டர் மதிப்புகள் வரிசையாக, அதற்குப் பின்னால் பெயர் சொல்லித் தந்த மதிப்புகள்.

இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால், விதிகள் பலவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. மதிப்பு கம்பைல் ஆகும் நேரத்திலேயே பைட்டாக மாற வேண்டும் என்பதால், அட்ரிபியூட்டுக்குத் தரக்கூடிய வகைகள் குறைவு: பூல், கேரக்டர், ஸ்ட்ரிங், முழு எண் வகைகள், ஃப்ளோட், டபுள், ஈனம் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல், enum), டைப், ஆப்ஜெக்ட், இவற்றின் ஒற்றைப் பரிமாண அரே. அவ்வளவே. டெசிமல் கிடையாது. டேட்டைம் கிடையாது. நல்லபிள் எண் (மதிப்பே இல்லாமலும், அதாவது நல் ஆகவும், இருக்கக்கூடிய எண்) கிடையாது. லாம்டா கிடையாது. கன்ஸ்ட்ரக்டரில் டெசிமல் பாராமீட்டர் வைத்துவிட்டு அந்த அட்ரிபியூட்டைப் பயன்படுத்தினால் சி.எஸ். 0181 என்ற பிழை வரும். வகை சரியாக இருந்தும், மாறிலியாக இல்லாத ஒரு மதிப்பைத் தந்தால் (ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி ஃபீல்டு ஒன்றை எடுத்துப் போடுவது வழக்கமான தவறு) சி.எஸ். 0182 வரும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பைட்டாக எழுதிவைக்க வழியில்லை.

டேட்டைம் வேண்டும் என்றால் "2025-01-31" போல ஸ்ட்ரிங்காக வாங்கி, படிக்கும் இடத்தில் மாற்றிக்கொள்வதுதான் வழி. அப்படி மாற்றும்போது கல்ச்சரை இன்வேரியன்ட் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கணினியில் ஓடுவது இன்னொன்றில் விழும்.

இதே படத்திலிருந்து, அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒரு விளைவும் பிறக்கிறது. கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டருக்கு இயல்பு மதிப்பு ஒன்று வைக்கிறீர்கள், "விட்டுவைக்கும் எழுத்து = 4" என்று. பயன்படுத்துபவர் வெறும் [மாஸ்க்] என்று எழுதுகிறார். கம்பைலர் அந்த 4-ஐ அவருடைய அசெம்ப்ளியில் பைட்டாக எழுதிவிடும். நாளை உங்கள் லைப்ரரியில் இயல்பு மதிப்பை 2 ஆக்கி, புதிய டிஎல்எல்லை மட்டும் மாற்றி வைத்தால், பழைய அசெம்ப்ளி இன்னமும் 4 என்றே சொல்லும். அதை மீண்டும் கம்பைல் செய்யும்வரை மாறாது. ஈனம் மதிப்புகளும் எண்ணாகவே பதிவாகும். நடுவில் ஒரு புதிய ஈனம் பெயரைச் செருகி எண்களை நகர்த்தினால் பழைய அசெம்ப்ளிகள் சொல்வது வேறு அர்த்தமாகிவிடும். இதற்கு மாறாக, ப்ராப்பர்ட்டியில் தொடக்க மதிப்பாக வைத்த இயல்பு, படிக்கும் நேரத்தில்தான் உருவாகிறது. டிஎல்எல்லை மாற்றினால் உடனே மாறும். ஜாவாவில் அனோட்டேஷனின் இயல்பு மதிப்புகள் எப்போதுமே படிக்கும்போதுதான் எடுக்கப்படும் என்பதால், அங்கிருந்து வருபவர் இதை எதிர்பார்க்க மாட்டார்.

கிளாஸை எழுதுதல்

சிஸ்டம் நேம்ஸ்பேஸில் உள்ள அட்ரிபியூட் என்ற கிளாஸிலிருந்து வாரிசாக வரும் எந்த அப்ஸ்ட்ராக்ட் அல்லாத கிளாஸும் அட்ரிபியூட்தான். பெயரின் முடிவில் "அட்ரிபியூட்" என்ற சொல் (ஆங்கில எழுத்தில், Attribute என்று) வர வேண்டும் என்பது மரபு. ஒட்டும்போது அந்த வாலை விட்டுவிடலாம், கம்பைலர் இரண்டு பெயர்களையும் தேடிப் பார்க்கும். வால் உள்ள கிளாஸும் இல்லாத கிளாஸும் ஒரே நேரத்தில் இருந்து, இரண்டும் அட்ரிபியூட்டாகவே இருந்தால், எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியாமல் பிழை காட்டும். (சி ஷார்ப்பில் பெயர்கள் தமிழ் எழுத்தில் இருக்கலாம். மேலே உள்ள [மாஸ்க்(4)] அப்படியே கம்பைல் ஆகும்.)

அடுத்து, உங்கள் அட்ரிபியூட்டின் மேலேயே ஒட்ட வேண்டிய சீட்டு: அட்ரிபியூட்யூசேஜ். மூன்று விஷயங்களை அது சொல்லும். எங்கே ஒட்டலாம், ஒரே இடத்தில் பலமுறை ஒட்டலாமா, வாரிசு கிளாஸுக்கும் செல்லுமா. எழுதாமல் விட்டால் எங்கும் ஒட்டலாம், பலமுறை ஒட்டக்கூடாது, வாரிசுக்குச் செல்லும் என்பவை இயல்பு. "எங்கும் ஒட்டலாம்" என்ற இயல்பை அப்படியே விடுவது பெரிய தவறு என்பேன். மாஸ்க் போன்ற ஒன்றுக்கு "ப்ராப்பர்ட்டி மட்டும்" என்று கட்டுப்படுத்துவது அழகுக்காக அல்ல, ஒரு குறிப்பிட்ட விபத்தைத் தடுப்பதற்காக.

அந்த விபத்து ரெக்கார்டில் (தரவைத் தாங்குவதற்கென்றே சுருக்கமாக எழுதும் கிளாஸ் வகை) நடக்கும். ஒரே வரியில் எழுதும் ரெக்கார்டில் ஸ்ட்ரிங் தொலைபேசி என்ற பாராமீட்டருக்கு முன்னால் [மாஸ்க்(4)] என்று எழுதுகிறீர்கள். அந்த ஒரு பாராமீட்டரிலிருந்து கம்பைலர் கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டர், ப்ராப்பர்ட்டி, மறைவான ஃபீல்டு என மூன்றை உருவாக்குகிறது. இலக்கு சொல்லாத சீட்டு கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டரின் மேல்தான் போய் ஒட்டும், ப்ராப்பர்ட்டியின் மேல் அல்ல. ப்ராப்பர்ட்டிகளைத் தேடிப் படிக்கும் உங்கள் லாக் நிரலுக்கு அது கண்ணிலேயே படாது. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. தொலைபேசி எண் முழுதாக லாக்கில் போய் விழும். அட்ரிபியூட்யூசேஜில் ப்ராப்பர்ட்டி மட்டும் என்று சொல்லியிருந்தால், அதே இடத்தில் கம்பைலர் சி.எஸ். 0592 காட்டி நிறுத்திவிடும். பிறகு "ப்ராப்பர்ட்டி:" என்ற முன்னொட்டோடு [ப்ராப்பர்ட்டி: மாஸ்க்(4)] என்று திருத்துவீர்கள். இந்த முன்னொட்டுச் சொல் மட்டும் மொழியின் சொந்தச் சொல். அதை ஆங்கிலத்தில்தான் எழுத முடியும். ஃபீல்டு, ரிட்டர்ன், பாராம், அசெம்ப்ளி போன்றவற்றுக்கும் இதே போல முன்னொட்டு உண்டு.

பாராமீட்டர்களைப் பிரிப்பதில் ஒரு தெளிவான வழக்கம் இருக்கிறது. இல்லாமல் முடியாதவை கன்ஸ்ட்ரக்டரில், விரும்பினால் தருபவை ப்ராப்பர்ட்டியில். மாஸ்க்குக்கு "எத்தனை எழுத்தை விட வேண்டும்" என்பது கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டர். "எந்தக் குறியால் மறைக்க வேண்டும்" என்பது ப்ராப்பர்ட்டி, தொடக்க மதிப்பாக நட்சத்திரக் குறி. ஒட்டும்போது [மாஸ்க்(4, குறி = '#')] என்று வரும். பெயர் சொல்லித் தரும் ப்ராப்பர்ட்டிக்கு பப்ளிக் கெட்டும் செட்டும் இரண்டும் வேண்டும், இல்லாவிட்டால் சி.எஸ். 0617. சி ஷார்ப் 9-இலிருந்து செட்டுக்குப் பதில் இனிட் (உருவாக்கும்போது மட்டும் மதிப்பை ஏற்பது) வைக்கலாம், அட்ரிபியூட் ஒட்டும் இடத்தில் அது செல்லும். நான் இனிட்டைத்தான் பரிந்துரைப்பேன். காரணம் கீழே, கேஷ் (ஒருமுறை படித்ததைச் சேமித்துவைத்தல்) பற்றிச் சொல்லும் இடத்தில் வரும்.

கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் படிக்க மட்டுமான ஒரு ப்ராப்பர்ட்டி வையுங்கள். கிளாஸை சீல்டு ஆக்குங்கள் (அதற்கு வாரிசு கிளாஸ் எழுத முடியாதபடி), தேடும்போது வாரிசு வகைகளை அலச வேண்டியிருக்காது. சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டின் கோட் அனலைசரில் சி.ஏ. 1018, 1019, 1813 ஆகிய மூன்று விதிகளும் முறையே அட்ரிபியூட்யூசேஜையும் இந்த இரண்டையும்தான் கேட்கின்றன.

"தரவில்லை" என்பதற்கும் "பூஜ்யம் தந்தார்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் தேவைப்படும் இடங்கள் உண்டு. நல்லபிள் எண்ணை ப்ராப்பர்ட்டியாக வைக்க முடியாது, ஒட்டும்போது சி.எஸ். 0655 வரும். இதற்கு ஒரு நல்ல தீர்வு: வெளியே தெரியும் ப்ராப்பர்ட்டி சாதாரண முழு எண், உள்ளே அதைத் தாங்கும் ஃபீல்டு நல்லபிள் முழு எண். செட்டில் ஃபீல்டு நிரம்பும். கூடவே "தரப்பட்டதா" என்று சொல்லும் ஒரு பூல் ப்ராப்பர்ட்டி, அது ஃபீல்டு நல் அல்லாததா என்று மட்டும் பார்க்கும். −1 போன்ற மாய எண்களை விட இது எவ்வளவோ மேல்.

படிக்கும் நிரல்

மொத்தத்தில் இதுதான் கவனம் கேட்கும் பகுதி. அட்ரிபியூட் கிளாஸை எழுத ஐந்து நிமிடம் போதும், படிப்பவரை எழுதும்போதுதான் தவறுகள் நுழைகின்றன.

அடிப்படை ஓட்டம் எளிது. ஆப்ஜெக்டின் டைப்பை எடுக்க வேண்டும். அதன் பப்ளிக் இன்ஸ்டன்ஸ் ப்ராப்பர்ட்டிகளைக் கேட்க வேண்டும். இண்டெக்ஸர்களைத் தவிர்க்க வேண்டும். அவையும் ப்ராப்பர்ட்டியாகவே பட்டியலில் வரும், பாராமீட்டர் இல்லாமல் மதிப்பைக் கேட்டால் எக்செப்ஷன் எறியும். ஒவ்வொரு ப்ராப்பர்ட்டியிலும் மாஸ்க் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மதிப்பை மறைத்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே.

மறைக்கும் விதியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. "கடைசி 4 எழுத்தை விடு" என்று மட்டும் எழுதினால், 3 எழுத்து மதிப்பு முழுசாக வெளியே தெரியும். நீளம் விட்டுவைக்கும் அளவுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் முழுதையும் மறைத்துவிடுங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொன்று: சி ஷார்ப்பின் கேரக்டர் கணக்கில் "மணி" இரண்டு எழுத்தல்ல, மூன்று. கேரக்டரை எண்ணி வெட்டினால் உயிர்மெய்யின் கொம்பு தனியாகத் தொங்கும். ஸ்ட்ரிங்இன்ஃபோ கிளாஸ் தரும் டெக்ஸ்ட் எலிமெண்ட் கணக்கில் வெட்டினால் இந்தச் சிக்கல் இல்லை.

இனி, உண்மையிலேயே ஆபத்தான பொறி. வாரிசு.

இன்ஹெரிட்டட் = ட்ரூ என்று சொன்னால் கம்பைலர் சீட்டை வாரிசு கிளாஸுக்கு நகலெடுப்பதில்லை. மெட்டாடேட்டாவில் அது தாய்க் கிளாஸில் மட்டுமே இருக்கும். படிக்கும் நேரத்தில், கேட்கிற மெத்தட் மேலே ஏறிப்போய்த் தேடினால்தான் கிடைக்கும். எல்லா மெத்தடும் ஏறுவதில்லை. ப்ராப்பர்ட்டி இன்ஃபோவின் சொந்த மெத்தடான கெட்கஸ்டம்அட்ரிபியூட்ஸுக்கு "வாரிசையும் பார்" என்று ட்ரூ தந்தாலும், ப்ராப்பர்ட்டிக்கும் ஈவென்ட்டுக்கும் அந்த ட்ரூவை அது கண்டுகொள்வதே இல்லை. இஸ்டிஃபைன்டு என்ற இன்ஸ்டன்ஸ் மெத்தடும் அப்படித்தான். அட்ரிபியூட் கிளாஸில் உள்ள ஸ்டாட்டிக் மெத்தடுகள் மட்டும் ஒழுங்காக மேலே ஏறும். டாட்நெட் 4.5-இல் வந்த ஜெனரிக் எக்ஸ்டென்ஷன் மெத்தடுகள் உள்ளே அந்த ஸ்டாட்டிக் மெத்தடுகளைத்தான் கூப்பிடுகின்றன, அதனால் அவையும் சரி.

இதனால் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் ஒன்று போலவே தெரியும் இரண்டு வரிகள் வேறு வேறு பதில் தரும். கெட்கஸ்டம்அட்ரிபியூட்ஸ் என்று எழுதி கோண அடைப்புக்குள் மாஸ்க் என்று வைத்தால் எக்ஸ்டென்ஷன் ஓடும், மேலே ஏறும். அதே பெயரை எழுதி வளைவு அடைப்புக்குள் டைப்ஆஃப் மாஸ்க்கையும் ட்ரூவையும் தந்தால் இன்ஸ்டன்ஸ் மெத்தட் ஓடும், ஏறாது. எக்ஸ்டென்ஷனும் இன்ஸ்டன்ஸ் மெத்தடும் பொருந்தினால் இன்ஸ்டன்ஸுக்கே முன்னுரிமை என்பதால், எழுதியவருக்கு எது ஓடுகிறது என்று தோன்றவே தோன்றாது.

இது எப்போது கடிக்கும்? டேட்டாபேஸ் லைப்ரரிகளும் டெஸ்ட் லைப்ரரிகளும் ஓடும் நேரத்தில் உங்கள் கிளாஸுக்கு ஒரு வாரிசு கிளாஸை உருவாக்கி, வெர்ச்சுவல் ப்ராப்பர்ட்டிகளை ஓவர்ரைடு செய்யும். கெட்டைப் என்று கேட்டால் அந்த வாரிசின் டைப்தான் கிடைக்கும். அதன் ப்ராப்பர்ட்டியின் மேல் சீட்டு இல்லை. தாயின் ப்ராப்பர்ட்டியில்தான் இருக்கிறது. ஏறாத மெத்தடால் கேட்டால் "சீட்டு இல்லை" என்று பதில் வரும், கணக்கு எண் முழுதாக லாக்குக்குப் போகும். டெவலப்மென்டில் நேராக உருவாக்கிய ஆப்ஜெக்டில் எல்லாம் சரியாக மறைந்திருக்கும். டேட்டாபேஸிலிருந்து வந்த ஆப்ஜெக்டில் மட்டும் ஒழுகும். எனவே விதி ஒன்று போதும்: ப்ராப்பர்ட்டியில் தேடும்போது எப்போதும் ஸ்டாட்டிக் மெத்தட் அல்லது ஜெனரிக் எக்ஸ்டென்ஷன்.

இன்டர்ஃபேஸ் இன்னும் கறார். இன்டர்ஃபேஸின் ப்ராப்பர்ட்டியில் ஒட்டியது அதைச் செயல்படுத்தும் கிளாஸுக்கு எந்த மெத்தடாலும் வராது. வேண்டுமென்றால் நீங்களே இன்டர்ஃபேஸ் ஒவ்வொன்றாகப் போய்த் தேட வேண்டும். அந்த வழியில் போகாமல் கிளாஸிலேயே ஒட்டச் சொல்வது நல்லது.

பலமுறை ஒட்ட அனுமதித்தால் இரண்டு விஷயம் மாறும். ஒன்று, ஒருமைப் பெயரில் உள்ள கெட்கஸ்டம்அட்ரிபியூட், ஒன்றுக்கு மேல் கண்டால் ஆம்பிகுவஸ்மேட்ச் எக்செப்ஷன் எறியும். பன்மை மெத்தடுக்கு மாற வேண்டும். இரண்டு, தாயில் ஒட்டியதும் வாரிசில் ஒட்டியதும் சேர்ந்தே வரும். பலமுறை அனுமதிக்காத அட்ரிபியூட்டில் வாரிசில் உள்ளது தாயில் உள்ளதை மறைத்துவிடும். எழுதிய வரிசையிலேயே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், சி ஷார்ப் மொழி வரையறையே அந்த வரிசைக்குப் பொருள் இல்லை என்கிறது. வரிசை முக்கியமானால் அட்ரிபியூட்டிலேயே ஒரு வரிசை எண் ப்ராப்பர்ட்டி வையுங்கள். டைப்டிஸ்கிரிப்டர் என்ற டாட்நெட் கிளாஸ் வழியாகப் படிக்கும் இடங்களில் டைப்ஐடி என்ற ப்ராப்பர்ட்டியையும் ஓவர்ரைடு செய்ய வேண்டும். டைப்டிஸ்கிரிப்டர், டைப்ஐடி ஒன்றாக உள்ளவற்றை ஒன்றாகவே எண்ணி, பலவற்றில் ஒன்றை மட்டும் காட்டும்.

கேஷ், தவறான மதிப்பு, சோதனை

அட்ரிபியூட்டைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் ரன்டைம் அந்தப் பைட் தொகுதியைப் பிரித்து, கன்ஸ்ட்ரக்டரை ஓட்டி, புத்தம் புதிய ஆப்ஜெக்ட் ஒன்றைத் தரும். நேற்றுக் கேட்டதும் இன்று கேட்டதும் வேறு வேறு ஆப்ஜெக்ட். அதனால் அட்ரிபியூட்டுக்குள் எண்ணிக்கை, நிலை போன்றவற்றைச் சேமித்து வைக்கும் முயற்சி எதுவும் பலிக்காது. அடுத்த முறை கேட்பவருக்கு அது போய்ச் சேராது.

ஒவ்வொரு லாக் வரிக்கும் இதைச் செய்வது வீண் செலவு. சீட்டு கம்பைலில் நிலைபெற்றது, ஓடும்போது மாறாது. டைப் ஒன்றுக்கு ஒருமுறை படித்தால் போதும். கன்கரன்ட்டிக்ஷனரி ஒன்றில் டைப்பைச் சாவியாக வைத்து, ப்ராப்பர்ட்டிகளின் அரேயையும் அவற்றின் மாஸ்க்கையும் மதிப்பாக வையுங்கள். கூடவே ப்ராப்பர்ட்டியின் கெட் மெத்தடை டெலிகேட்டாக மாற்றிச் சேமித்தால், கெட்வேல்யூ என்ற ரிஃப்ளெக்ஷன் (ஓடும் நேரத்தில் மெட்டாடேட்டாவைக் கேட்டுப் பயன்படுத்தும் வழி) அழைப்பும் மிச்சம். கேஷில் போட்ட பிறகு ஒரே அட்ரிபியூட் ஆப்ஜெக்டைப் பல திரெட்கள் பகிர்ந்துகொள்ளும். செட் திறந்திருந்தால் யாரோ ஒருவர் குறியை மாற்ற, எல்லோருக்கும் மாறும். இனிட் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதுமென்றால் இஸ்டிஃபைன்டு கேளுங்கள் (ப்ராப்பர்ட்டிக்கு ஸ்டாட்டிக் வடிவம்). அது ஆப்ஜெக்டை உருவாக்குவதே இல்லை.

[மாஸ்க்(-3)] என்று எழுதினால்? கம்பைலருக்கு −3 ஒரு நல்ல முழு எண், தாராளமாக ஏற்கும். கன்ஸ்ட்ரக்டரில் சரிபார்த்து எக்செப்ஷன் எறியலாம். ஆனால் அந்தக் கன்ஸ்ட்ரக்டர் ஓடுவது யாரோ முதன்முதலில் படிக்கும்போதுதான். எழுதியவர் ஓரிடம், வெடிப்பது வேறிடம், அதுவும் லாக் எழுதும் வழியில், ஏற்கெனவே ஏதோ தவறாகிப் போன நேரத்தில். இன்னொரு பக்கவிளைவும் உண்டு: வகை சொல்லாமல் எல்லா அட்ரிபியூட்டையும் தா என்று கேட்டால் அந்த ப்ராப்பர்ட்டியில் ஒட்டிய எல்லாவற்றின் கன்ஸ்ட்ரக்டரும் ஓடும், பிறருடையது எறியும் எக்செப்ஷன் உங்கள் தலையில் விழும். எப்போதும் வகையைச் சொல்லிக் கேளுங்கள்.

தவறான மதிப்பைப் பிடிக்கச் சரியான இடம் யூனிட் டெஸ்ட். அசெம்ப்ளியின் எல்லா டைப்பையும் எடுத்து, எல்லா ப்ராப்பர்ட்டியின் மாஸ்க்கையும் ஒருமுறை படித்துவிடும் பத்து வரி டெஸ்ட். எக்செப்ஷன் வந்தால் பில்டு அங்கேயே நிற்கும்.

அதே டெஸ்ட் இன்னொரு பெரிய ஓட்டையையும் அடைக்கும். சீட்டு ஒட்ட மறந்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு அட்ரிபியூட்டுக்கும் கேட்டாக வேண்டும். மாஸ்க்கில் மறதியின் விலை தகவல் ஒழுகுவது. புதிதாக ஒரு ப்ராப்பர்ட்டி சேர்ப்பவர் மாஸ்க் பற்றி அறியாமலே இருக்கலாம். எனவே இரண்டாவதாக ஓர் அட்ரிபியூட் வையுங்கள், [வெளிப்படை] என்று. லாக்குக்குப் போகும் கிளாஸ்களில் ஒவ்வொரு ஸ்ட்ரிங் ப்ராப்பர்ட்டியும் மாஸ்க்கையோ வெளிப்படையையோ சுமந்தே ஆக வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் டெஸ்ட் தோற்க வேண்டும். கூடவே, படிப்பவரும் சீட்டே இல்லாத ஸ்ட்ரிங்கை முழுதாக மறைக்கட்டும். எடுத்த எடுப்பில் கொஞ்சம் தொல்லையாகத் தெரியும் இந்த ஏற்பாட்டைப் பாதுகாப்பு சார்ந்த எந்த அட்ரிபியூட்டுக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓடும் முன்பே படிப்பது

ரிஃப்ளெக்ஷன் வழி இரண்டு இடங்களில் தடுக்கும்: தொடக்க நேரம் மிக முக்கியமான நிரல்கள், டிரிம் செய்து, அதாவது பயன்படாத பகுதிகளை வெட்டி, வெளியிடும் நிரல்கள். டிரிம் செய்யும் கருவி யாரும் நேராகக் கூப்பிடாத ப்ராப்பர்ட்டியை வெட்டிவிடக்கூடும். கெட்டைப், கெட்ப்ராப்பர்ட்டீஸ் என்று போகும் உங்கள் நிரல் எதைத் தேடுகிறது என்று அதற்குத் தெரியாது. இங்கே சோர்ஸ் ஜெனரேட்டர் உதவும். கம்பைல் நடக்கும்போதே மாஸ்க் ஒட்டிய கிளாஸ்களைக் கண்டு, மறைத்து எழுதும் மெத்தடைச் சாதாரண சி ஷார்ப் நிரலாக உருவாக்கித் தரும். இன்கிரிமென்டல் ஜெனரேட்டரில் அட்ரிபியூட்டின் பெயரால் தேட ஃபார்அட்ரிபியூட்வித்மெட்டாடேட்டாநேம் என்ற மெத்தட் இருக்கிறது. அதற்கு நேம்ஸ்பேஸ், வால் எல்லாம் சேர்ந்த முழுப் பெயரைத் தர வேண்டும். வாலை விட்டுவிட்டால் பிழை எதுவும் சொல்லாது, ஒன்றையும் கண்டுபிடிக்காமல் அமைதியாக இருந்துவிடும்.

ஜெனரேட்டருக்கு மாறும்போது பலரைத் திகைக்க வைப்பது: அங்கே உங்கள் அட்ரிபியூட்டின் கன்ஸ்ட்ரக்டர் ஓடவே ஓடாது. கம்பைல் முடியாத ஒரு கிளாஸை எப்படி ஓட்டுவது? ஜெனரேட்டருக்குக் கிடைப்பது எழுதிய மதிப்புகளின் பட்டியல் மட்டும். ப்ராப்பர்ட்டியின் தொடக்க மதிப்பான நட்சத்திரக் குறி அதில் இருக்காது. கன்ஸ்ட்ரக்டரில் நீங்கள் செய்த சரிபார்ப்பு, திருத்தம், பெரிய எழுத்தாக்குதல் எதுவும் அதில் இருக்காது. ஆப்ஜெக்டை உருவாக்காமல் மெட்டாடேட்டாவை மட்டும் காட்டும் கஸ்டம்அட்ரிபியூட்டேட்டா என்ற ரிஃப்ளெக்ஷன் வழிக்கும் இது பொருந்தும். அதனால் அட்ரிபியூட் கிளாஸுக்குள் வேலை எதையும் வைக்காமல், வாங்கியதை அப்படியே வைத்திருப்பதோடு நிறுத்தினால் மூன்று வழியிலும் ஒரே பதில் கிடைக்கும். கணக்குப் போடுவதெல்லாம் படிப்பவர் பக்கம் இருக்கட்டும்.

மறைக்கும் முறையே ப்ராப்பர்ட்டிக்கு ப்ராப்பர்ட்டி வேறுபட்டால், மறைக்கும் கிளாஸின் டைப்பை அட்ரிபியூட்டில் சொல்லலாம். முன்பு டைப்ஆஃப் தந்துதான் செய்ய முடியும், யாராவது சம்பந்தமில்லாத டைப்பைத் தந்தாலும் கம்பைலர் கேட்காது. 2022-இல் டாட்நெட் 7-உடன் வந்த சி ஷார்ப் 11-இலிருந்து அட்ரிபியூட் ஜெனரிக்காக இருக்கலாம். குறிப்பிட்ட இன்டர்ஃபேஸைச் செயல்படுத்த வேண்டும், பாராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேண்டும் என்ற நிபந்தனைகளை டைப் பாராமீட்டரின் மேல் வைத்தால், தவறான கிளாஸைத் தந்தவருக்கு அங்கேயே பிழை வரும். ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒட்டும்போது டைப் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். ஜெனரிக் கிளாஸுக்குள் இருந்துகொண்டு அதன் டி-யையே அட்ரிபியூட்டுக்குத் தர முடியாது.

ஜாவாவில் இதே மாஸ்க்கை எழுதுபவர் முதலில் கவனிக்க வேண்டியது ரிடென்ஷன். சொல்லாமல் விட்டால் அனோட்டேஷன் கிளாஸ் ஃபைலில் மட்டும் இருக்கும், ரிஃப்ளெக்ஷனுக்குத் தெரியாது. ரன்டைம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வாரிசுக்குப் போவதும் அங்கே கிளாஸின் மேல் ஒட்டியதற்கு மட்டும்தான், அதுவும் இன்ஹெரிட்டட் என்று சொன்னால்தான். மெத்தடில் ஒட்டியது போகாது. பிஎச்பி 8-இல் நியூஇன்ஸ்டன்ஸ் என்று கேட்கும்வரை அந்தப் பெயரில் ஒரு கிளாஸ் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். எழுத்துப் பிழையோடு ஒட்டிய சீட்டு யாரும் படிக்காதவரை அப்படியே இருந்துவிடும்.

எப்போது இதை விட்டுவிட வேண்டும் என்பதற்கு எளிய சோதனைகள் உண்டு. மதிப்பு சர்வருக்கு சர்வர் மாற வேண்டுமா? அப்படியானால் அது கான்ஃபிக் ஃபைலுக்கு உரியது, சீட்டுக்கு அல்ல; ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பைல் செய்ய வேண்டி வரும். கிளாஸ் உங்களுடையது இல்லையா? அதன்மேல் ஒட்ட முடியாது, வெளியே ஒரு பட்டியல்தான் வழி. ஒரே கிளாஸுக்கு லாக்கில் ஒரு விதி, அறிக்கையில் இன்னொரு விதி, ஏற்றுமதியில் மூன்றாவது விதியா? ப்ராப்பர்ட்டிக்கு மேல் மூன்று நான்கு சீட்டுகள் சேர்ந்து கிளாஸே கண்ணில் படாமல் போகும். ஒவ்வொரு வழிக்கும் தனி கிளாஸ் எழுதுவது அதைவிடத் தெளிவு. கிளாஸ் முழுவதற்கும் ஆம், இல்லை என்ற ஒரே குறிப்பு மட்டும் போதுமா? வெற்று இன்டர்ஃபேஸ் ஒன்று போதும். அதை மெத்தடின் பாராமீட்டர் வகையாகவே வைத்துவிட்டால், குறிப்பில்லாத ஆப்ஜெக்டை அந்த மெத்தடுக்கு அனுப்பும் வரியிலேயே கம்பைலர் நிறுத்திவிடும்.